கெட்டித் தண்ணி

அந்த டப்பாவ எத்தனை தடவைம்மா திருப்பித் திருப்பிப் பாப்பே? அதுல எழுத்து எறும்பு கணக்கா இருக்கு. நானும் மொத நாள் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன், ஒரு மண்ணும் விளங்கல. இப்படித் தள்ளி உக்காரு, ஃபேன் காத்து இந்தப் பக்கம்தான் வரும். டோக்கன் எத்தனை? நாப்பத்தி ரெண்டா? இப்பத்தான் முப்பத்தி நாலு உள்ள போயிருக்கு. அது எங்க வீட்டுக்காரவியதான். வெளிய வர நேரமாவும்.

யாருக்கு வந்திருக்கே? மாமியாருக்கா? பக்கவாதமா? தண்ணி குடிச்சாப் பொரையேறுதுன்னு இந்தப் பொடியக் கலந்து குடுக்கச் சொல்லிட்டாவ, அப்படித்தானே? எம்மா, பயப்படாத. விசம் இல்ல. கொத்தவரங்காய். நெசமாத்தான் சொல்லுதேன், நம்ம பொரியல் வைக்கமே, அதே கொத்தவரங்காய்தான். அதோட விதையில இருந்து எடுத்த மாவு. தண்ணியில போட்டா தண்ணி கெட்டியாயிரும். ஆறு மாசமா எங்க வீட்டு அடுக்களையில உப்பு டப்பாவுக்குப் பக்கத்துல இருக்கு இது. எனக்குத் தெரியாதது ஒண்ணும் கிடையாது.

கூட ஒராள் உள்ள போலாம்தான். நான் ஏன் போகலன்னு பாக்கியா? அங்கதான் வாரேன். அதுக்கு மொதல்லருந்து சொல்லணும்.

எங்க ஊரு சுரண்டை. என் பேரு உலகம்மா. அவிய பேரு ஆவுடையப்பன். பஞ்சாயத்து போர்டுல முப்பத்தோரு வருசம் தண்ணி தெறந்துவிடுற வேலை. வால்வு சாவியத் தோள்ல போட்டுக்கிட்டு சைக்கிள்ல வந்தாவன்னா தெருவே குடத்தோட நிக்கும். எந்தத் தெருவுக்கு எப்பத் தண்ணி வரும்னு ஊருக்கெல்லாம் சொல்லுவாவ. பொண்டாட்டிக்கு மட்டும் சொல்ல மாட்டாவ. எங்க வீட்டுலதான் எப்பவும் குடம் காலியாக் கிடக்கும்.

தீபாவளி கழிஞ்சு மூணாம் நாள் காலம்பற சட்டை பித்தான் போட்டுட்டு நின்னாவ. கை வழங்கல. வாய் ஒரு பக்கமாப் போயிட்டு. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் கையக் காலத் தூக்கிப் போட்டு இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தார். சீக்கிரம் வந்ததால ஆள் பிழைச்சாவ. கை வந்துட்டு, காலும் இழுத்து இழுத்து வந்துட்டு. தொண்டை மட்டும் வரல. ஒரு மடக்குத் தண்ணி குடிச்சா இருமி, கண்ணு செவந்து, மூச்சு முட்டி... பாக்கவே சகிக்காது.

இங்க ரிஸ்வானான்னு ஒரு பொண்ணு இருக்கு. விழுங்கறதுக்குப் பயிற்சி குடுக்கிறது. நல்ல பிள்ளை, பேசினாப் பேசிக்கிட்டே இருக்கலாம். அதுதான் சொல்லிச்சு: "ஆன்டி, தண்ணி ரொம்ப வேகமா ஓடும். அங்கிளோட தொண்டை இப்ப மெதுவாத்தான் மூடுது. அது மூடுறதுக்குள்ள தண்ணி மூச்சுக்குழாய்ல இறங்கி நுரையீரலுக்குப் போயிடும். தண்ணியைக் கெட்டியாக்கினா மெதுவா நடந்து வரும். தொண்டைக்கு நேரம் கிடைக்கும்." எனக்கு அழுகை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். முப்பத்தோரு வருசம் ஊருக்கெல்லாம் வால்வு மூடினவியளுக்குத் தொண்டையில வால்வு மூடலங்குது!

அப்பத்தான் இந்த டப்பாவக் குடுத்துச்சு. பிசின்னு சொன்னதும் எனக்குப் பகீர்னுட்டு. பிசின்னா கவர் ஒட்டுறதுல்லா? மனுசன் குடலுக்குள்ள போய் ஒட்டிக்கிட்டா என்ன செய்ய? கேட்டேன். "ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கீங்களா ஆன்டி? சாஸ்? பாக்கெட்ல வர்ற குழம்பு? நிறைய சாப்பாட்டுல இதைத்தான் கெட்டியாக்கச் சேக்கிறாங்க. நீங்களும் வருசக்கணக்கா சாப்பிட்டுட்டுத்தான் இருக்கீங்க"ன்னுச்சு. நான் ஐஸ்கிரீமே தொட மாட்டேன், கல்யாண வீட்டுல குடுத்தா மட்டும்தான்னு சொன்னேன். கட்டில்ல படுத்திருந்த எங்க வீட்டுக்காரவிய, அப்பத்தான் கொழகொழன்னு நாலு வார்த்தை வருது, "மாசம் எத்தனை கல்யாணம்"ங்காவ. பிழைச்சு வந்ததும் மொத வேலை பொண்டாட்டிய வாருறது.

கொத்தவரங்காய்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரு யோசனை. காய் சந்தையில கூறு கூறாக் கிடக்கு, டப்பா எதுக்கு? வீட்டுக்குப் போனதும் அரைக் கிலோ வாங்கிக் குழைய வேகவச்சு, மிக்சியில மைய அரைச்சு, காபியில ரெண்டு கரண்டி கலக்கிக் கொண்டு போனேன். அவிய டம்ளரப் பாத்தாவ. என்னையப் பாத்தாவ. "ஏ உலகு, இது காபியா, கூட்டா?"ன்னாவ. ஒரு வாயும் குடிக்கல. அதுவும் நல்லதுக்குத்தான் போல. ரிஸ்வானாட்ட போன்ல சொன்னேன், அது பதறிட்டு. காயில நாரும் திப்பியும் இருக்கும், தொண்டையில சிக்கும், விதையில ஒரு பாகத்த மட்டும் பிரிச்சு எடுக்கிறதுதான் இந்த மாவு, வீட்டுல எல்லாம் செய்யவே கூடாதுன்னு ஒரே சத்தம். சரின்னு அந்த அரைச்சத என்ன செய்ய? நானே ரெண்டு நாள் தோசைமாவுல ஊத்திச் சாப்பிட்டேன். தப்பில்லாமத்தான் இருந்துச்சு.

சரி, பொடிதான் குடுக்கணும். ஆனா அவியளுக்குக் குடுக்க முன்னால நான் தின்னு பாக்க வேண்டாமா? ஒரு கரண்டி எடுத்து, நம்ம சுக்குப் பொடி போட்டுக்கிறாப்புல வாயில கொட்டி, ஒரு மடக்குத் தண்ணி குடிச்சேன். எம்மா! அது தொண்டைக்குள்ள பசை மாதிரி உப்பிட்டு. மேலயும் வரல, கீழயும் போகல. கண்ணுல தண்ணி பொலபொலன்னு ஊத்துது. அவிய கட்டில்ல இருந்து கையத் தட்டுதாவ, எந்திரிக்க முடியாது பாவம். காறி இருமித் துப்புனேன், பிறகு எப்படியோ தப்பிச்சேன். நீ இதை மட்டும் நல்லா மனசுல வச்சுக்கோ: இந்தப் பொடிய ஒருக்காலும் வறட்டாப் போடக் கூடாது. தண்ணியில கலக்கி, கட்டி இல்லாம அடிச்சு, கெட்டியாக நேரம் விட்டு, பிறகுதான் குடுக்கணும். கரண்டியில எடுத்தா மெதுவா வழியணும். சொட்டுச் சொட்டா விழுந்தாத் தளர்த்தி. கவுத்தாலும் விழலன்னா ரொம்பக் கெட்டி. உங்க மாமியாருக்கு எவ்வளவுன்னு உள்ள சொல்லுவாவ, அந்த அளவுதான். மொத நாலு நாள் வயிறு உப்பும், காத்துப் பிரியும். எங்க வீட்டுல ராக்கெட் விட்டாப்புல இருந்துச்சு. சுகர் மாத்திரை, வேற மாத்திரை ஏதும் போட்டாவன்னா டாக்டர்ட்ட சொல்லிரு, இந்தப் பொடி நாருச்சத்தாம், அந்த மாத்திரையையும் பிடிச்சு வச்சுக்கிடுமாம்.

அவியளுக்கு இது சுத்தமாப் பிடிக்கல. டம்ளரத் தூக்கிக் காமிப்பாவ, "எந்தச் செவத்துல போஸ்டர் ஒட்ட?"ம்பாவ. குடம் குடமாக் குடிச்ச மனுசன்லா. ராத்திரி பகல் தண்ணி தண்ணின்னு ஒரே கேள்வி. தெருக்குழாய்ல தண்ணி விழுற சத்தம் கேட்டாப் போதும், கழுத்து அந்தப் பக்கம் திரும்பிரும்.

கார்த்திகையில அவிய தங்கச்சி வந்து சேர்ந்தா. பூங்கனி. கடையநல்லூர்ல மகன் வீட்டுல இருக்கா. சத்துணவுல அமைப்பாளரா இருந்து போன வருசம்தான் ஓய்வு. "மதினி, நீங்க ஒத்தையில கஷ்டப்படுதீங்க, நான் கொஞ்ச நாள் இருக்கேன்"னு பையத் தூக்கிட்டு வந்துட்டா. வரட்டும். வந்தவ சும்மா இருக்கணும்லா? முன்னூறு பிள்ளைகளுக்கு முட்டை எண்ணிப் பழகுன கையி. வந்த அன்னைக்கே என் கரண்டியத் தூக்கி மூலையில போட்டுட்டா. டப்பாவுல உள்ள குட்டிக் கரண்டிதான். அதையும் குமிச்சு அள்ளக் கூடாதாம், கத்தி வச்சு வழிச்சுச் சமமா எடுக்கணுமாம். கலக்கிட்டுக் கடியாரத்தப் பாத்து நிப்பா. நான் கைக்கணக்குல போடுவேன், அதுல என்ன குறைஞ்சு போச்சு? "மதினி, இது குழம்புக்கு உப்புப் போடுறதில்ல"ங்கா. என் அடுக்களையில நின்னு என்னைய! நாப்பது வருசமாச் சமைக்கிற என்னைய!

அண்ணனும் தங்கச்சியும் ஒரு கட்சி. அவ குடுத்தா முகத்தச் சுளிச்சுக்கிட்டாவது குடிப்பாவ. நான் குடுத்தா ஆயிரம் நொட்டை. பொறாமை இல்லம்மா. எனக்கு எதுக்குப் பொறாமை?

தை பொறக்க ரெண்டு நாள் இருந்துச்சு. பூங்கனி பேரப்பிள்ளைகளோட பொங்கல் வைக்கணும்னு போகிக்கு முந்தின நாள் ஊருக்குக் கிளம்பினா. போறவ சும்மா போனாளா? டப்பாவுல பேனாவால கோடு போட்டு, "பொடி இந்த மட்டுக்கு இருக்கு மதினி, மறக்காமப் போடுங்க"ன்னு சொல்லிட்டுப் போறா. சந்தேகப் புத்தி பாத்துக்கோ. ஆனா எனக்கு வீடு திரும்பக் கெடச்சாப்புல இருந்துச்சு. நானும் அவியளும் மட்டும்.

பொங்கலன்னைக்கு குளிப்பாட்டி, வேட்டி கட்டிவிட்டு, நெத்தியில திருநீறு பூசி நாற்காலியில உக்கார வச்சேன். மாப்பிள்ளை மாதிரி இருந்தாவ. என் கையப் பிடிச்சுக்கிட்டு, "உலகு, நல்ல நாளும் அதுவுமா ஒரு காபி தா. அந்தப் பசை வேண்டாம்"னாவ. கல்யாணமாகி நாப்பத்தோரு வருசத்துல எங்கிட்ட எதுவும் கெஞ்சிக் கேட்டதில்ல அந்த மனுசன். எனக்கு மனசு கேக்கல. குடுத்தேன். ஒரு டம்ளர்தான். நல்லாத் திக்காப் போட்டேன். தண்ணிதானே குடுக்கக் கூடாது? காபி தண்ணியா? பாலு இருக்குல்லா? பாலு கெட்டிதானே?

இருமவே இல்லம்மா! ஒரு செருமல் கூட இல்ல. கண்ண மூடிக்கிட்டு சாமி கும்பிடுறாப்புல குடிச்சாவ. பாத்தியா, என் கையால குடுத்தா ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன். மறுநாளும் குடுத்தேன். கரிநாளுக்கும் குடுத்தேன். மூணு நாள், காலம்பற ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அவிய முகத்துல அப்படி ஒரு களை. "பூங்கனிட்ட சொல்லாத"ன்னு கண்ணடிச்சாவ. அறுவத்தாறு வயசுல கண்ணடிக்காவ, எனக்கு வெக்கமாப் போச்சு.

கரிநாள் கழிச்சு பூங்கனி வந்தா. வந்து செருப்பக் கழட்டக் கூட இல்ல, அவியளுக்குக் காய்ச்சல். வந்த கால் அப்படி! உடம்பு கொதிக்கு, மூச்சு கரகரங்குது. அவ நேரா அடுக்களைக்குப் போய் டப்பாவத் தூக்கிப் பாத்தா. என்னையப் பாத்தா. ஆட்டோவக் கூப்பிட்டா.

நெஞ்சுல சளி கட்டி நிமோனியாவாம். ஆறு நாள் தீவிர சிகிச்சையில. கண்ணாடிக்கு வெளிய நின்னு பாக்கேன், மூக்குல கொழாய், வாயில கொழாய். தாலியக் கையில பிடிச்சுக்கிட்டே நின்னேன். நீ சின்னப் பிள்ளை, உனக்கு அந்த நிலை வர வேண்டாம்.

பெரிய டாக்டர் வந்தார். "நுரையீரல்ல திரவம் இறங்கியிருக்கு. சிலருக்கு இருமாமலேயே இறங்கிடும். கெட்டியாக்காம யார் குடுத்தது?"ன்னு கேட்டார். மனுசன் சத்தம் போடல, மெதுவாத்தான் கேட்டார். நான் முந்தானைய எடுத்துக் கண்ணத் துடைக்கேன். கண்ணீரா ஊத்துது. பூங்கனி என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னா. பிறகு சொன்னா: "நான்தான் சார். அண்ணன் தாகம்னு கேட்டாவ. ஒரு செம்பு தண்ணி குடுத்துட்டேன்."

அவ வாயாலயே ஒத்துக்கிட்டா பாத்தியா! கத்தி வச்சு வழிச்சு அளந்தவ, கடியாரம் பாத்தவ, கடைசியில அவதான் குடுத்திருக்கா! துபாய்ல இருந்து எம் மவன் போன்ல அத்தைய வாங்கு வாங்குன்னு வாங்கிட்டான். "எங்கப்பாவக் கொல்லவா வந்தீங்க?"ன்னு கேட்டான். சொந்தக்காரவியளும் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாவ. அவ எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா. அண்ணன் கண்ணு முழிச்சு வார்டுக்கு மாத்துன அன்னைக்கு, பையத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிட்டா. நாலு மாசமாச்சு. நான் ஒரு வார்த்தை பேசல. எதுக்குப் பேசணும்? அவ போன பிறகு நான்தான் கத்தி வச்சு வழிச்சு, கடியாரம் பாத்து, ஒரு நேரம் தப்பாமக் குடுத்துட்டு வாரேன். காபியிலயும் போடுதேன். ஆமா, காபியிலயும்தான்.

இன்னைக்குக் கேமரா வச்சுத் தொண்டையப் பாக்குற சோதனை. சரியாயிருந்தா சாதாத் தண்ணி குடிக்கலாம். காலம்பற இங்க வந்து இறங்குறேன், வாசல்ல பூங்கனி நிக்கா! அவியளே போன் போட்டு வரச் சொல்லியிருக்காவ. எனக்குத் தெரியாம. ஒராள்தான் உள்ள வரலாம்னு ரிஸ்வானா சொல்லுது, நான் சேலையச் சரி பண்ணிட்டு முன்னால போறேன், அவிய தங்கச்சியக் கையக் காட்டுதாவ. நாப்பத்தோரு வருசம் குடும்பம் நடத்துனவ இங்க பெஞ்சுல. தண்ணியக் குடுத்து ஆளச் சாகக் கெடத்துனவ உள்ள. எப்படி இருக்கு நியாயம்? நீயே சொல்லு.

என்னம்மா?

பொங்கலுக்கு அவ ஊர்லயே இல்லையேன்னா?

அது... அவ வந்த அன்னைக்கு... வந்து செருப்பக் கழட்ட முன்னாலயே காய்ச்சல்னு நான்தான் சொன்னேன், ஆமா. நீ என்ன வக்கீலுக்குப் படிச்சிருக்கியா? சும்மா கேட்டேன். கோவமில்ல.

இந்தத் தண்ணிய நீ குடி, வெயிலு மண்டையப் பொளக்கு. எனக்கு வேண்டாம்.

நாலு மாசத்துல ஒருத்தரும் இதக் கேக்கல தெரியுமா? டாக்டர் கேக்கல. எம் மவன் கேக்கல. பூங்கனிதான் சொல்லிட்டாளே, பிறகு யாரு கேப்பா? நானும்... அவ சொன்னதக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்துச்சும்மா. நெசமா, தண்ணிக்குள்ள முங்கிக் கெடந்தவளுக்கு மூச்சு வந்தாப்புல இருந்துச்சு. வந்த மூச்ச விட்டுக்கொடுக்க மனசு வரல. அப்படியே அவமேல கோவப்பட்டுட்டே இருந்துட்டேன். கோவத்துல இருந்தா வேற எதுவும் நெனக்க வேண்டாம்லா.

அவியளுக்குத் தெரியாமலா இருக்கும்? குடிச்சதே அவியதானே. நாலு மாசம் வாயத் தெறக்கல. என்னையக் காட்டிக் குடுக்கவும் இல்ல. இன்னைக்குத் தங்கச்சியக் கையக் காட்டுனதோட சரி.

ஏ, கதவு தெறக்கு.

என்ன ரிஸ்வானா? பாஸா? அவிய பாஸாயிட்டாவளா! எம்மா, நீ நல்லா இருப்பே. சாதாத் தண்ணியா? கொஞ்சம் கொஞ்சமா, நாடிய நெஞ்சுப் பக்கமாத் தாழ்த்தி... சரிம்மா. கூட ஒராள் இருந்து பாத்துக்கிடணும்... சரி. டப்பாவ இன்னும் தூரப் போட வேண்டாம், மத்த நேரத்துக்கு அதே அளவு... சரி சரி. இப்பவே ஒரு வாய் குடுத்துக் காமிக்கணுமா? நான் உள்ள வரலாமா?

என்னட்டி பூங்கனி, டம்ளர எங்கிட்ட நீட்டுதே? மொத வாய் மதினிதான் குடுக்கணுமா? உங்க அண்ணன் சொன்னாவளா? அவியளப் பாரு, குஞ்சுப் பறவை மாதிரி வாயத் தெறந்துகிட்டு உக்காந்திருக்கிறத.

வேண்டாம்டி. நீ குடு.

நீதான் குடு. டாக்டர்ட்ட, எம் மவன்ட்ட, ஊருக்கெல்லாம் நீதான் தண்ணி குடுத்தேன்னு சொன்னேல்லா. இன்னைக்காவது அது நெசமாட்டும்.

அழாதட்டி. கை ஆடுனா சிந்தும்.